மஸ்தானின் வெயில் கடிகாரமும் மாமுவின் வாட்சும்

தேரடித் தெருவில் குடை ரிப்பேர் செய்துவந்த மஸ்தான், இடது கைச் சட்டையை மட்டும் முழங்கை வரை மடித்து விட்டிருப்பார். வலது கைச் சட்டை மணிக்கட்டில் பொத்தான் போட்டபடி ஒழுங்காக இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் வேலைக்குத் தோதாக மடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள். அவர் சுத்தி பிடித்ததும் ஊசி பிடித்ததும் வலது கையால்தான். இடது கையை மடித்தது மாமனாருக்காக.

மாமனார் கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் செய்த ஜியாவுல்லா. மாமனார் என்பது பிற்பாடு வந்த முறை. மஸ்தானின் அம்மாவும் ஜியாவுல்லாவும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள், ஆகையால் பிறந்ததிலிருந்தே மஸ்தானுக்கு அவர் மாமு. ஜியாவுல்லாவின் மனைவி ஜஹானாரா யார் என்று கேட்டால், மஸ்தானுடைய அத்தாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்தப் பக்கமாக வந்தாலும் உறவு, இந்தப் பக்கமாக வந்தாலும் உறவு. இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிய மூட்டையை அவிழ்க்கவும் முடியாது, ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகவும் முடியாது.

அவர்கள் மகள் ரசியா பேகத்தை மஸ்தான் நிக்காஹ் செய்தது அறுபத்தைந்தாம் வருஷம், கீழ்பென்னாத்தூரில். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், மஸ்தான் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டலியா?" என்று கேட்டுவிட்டார். கொஞ்சம் கையில் ஓடுகிற வீடு என்றால் மாப்பிள்ளைக்கு மாமனார் கைக்கடிகாரம் கட்டிவிடுவது அப்போது வழக்கம். ஜியாவுல்லாவுக்கு அந்த வருஷம் கையில் ஓடவில்லை. இருந்தாலும் சபையில் நின்றுகொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வார்?

"அடுத்த மணிலா வந்து இறங்கட்டும். என் கையாலயே கட்டி விடுறேன்" என்றார்.

அடுத்த மணிலாவில் பூச்சி விழுந்தது. அதற்கு அடுத்ததில் மழை பொய்த்தது. அதற்கும் அடுத்ததில் மழை பெய்தது, பூச்சியும் இல்லை, விளைச்சல் அமோகம். எல்லோருக்கும் அமோகம் என்பதால் விலை விழுந்தது. மணிலாக்கொட்டையில் இத்தனை விதமான கெட்ட காலம் உண்டு என்று மஸ்தானுக்கு அதற்குமுன் தெரியாது.

மஸ்தானும் லேசுப்பட்டவர் இல்லை. "மாமு கட்டி விடுற வாட்ச்தான் இந்தக் கையில ஏறும்" என்று தெருவில் சொல்லிவிட்டார். பிறகு அந்தப் பேச்சு அவரையே பிடித்துக்கொண்டது. மெட்ராசிலிருந்து யாரோ கம்மி விலைக்குக் கொண்டுவந்த வெளிநாட்டு வாட்சைக்கூட வேண்டாம் என்று திருப்பிவிட்டார். தானே ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டால் மாமு தப்பித்துவிடுவாரே.

மாமு சந்தைக்கோ ஜவுளிக்கோ திருவண்ணாமலைக்கு வந்தால் மருமகன் கடையில் வந்து உட்காருவார். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மஸ்தான் இடது கையை நீட்டி, முழங்கையைச் சொறிந்துகொண்டே கேட்பார்:

"மாமு, மணி என்ன?"

ஜியாவுல்லா கையில் ஒரு வாட்ச் இருந்தது. அவருடைய நிக்காஹில் அவருடைய மாமனார் கட்டிவிட்டது. கேள்வி எதற்கு என்று அவருக்கும் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். முதலில் வானத்தை அண்ணாந்து பார்த்து வாய்க்குள் ஏதோ சொல்வார். பிறகுதான் கையைத் தூக்கி வாட்சைப் பார்ப்பார்.

"பதினொண்ணரை ஆவுது, மாப்ளே."

மாமு இறைவனை நினைத்துவிட்டுத்தான் மணிகூடப் பார்ப்பார் என்று மஸ்தான் நினைத்திருந்தார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு மாமுவின் மேல் மரியாதை இருந்தது. கால் மணி கழித்து மறுபடி கேட்பார். அவர் மறுபடி அண்ணாந்து பார்ப்பார். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த முருகையனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு தேரடித் தெருவில் கிடையாது. கடைச் சுவரில் அவருடைய கடிகாரம் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டியிருக்கும். "பாய், இங்க பார்த்தா தெரியாதா?" என்பார். "மாமுகிட்ட கேட்டாத்தான்யா எனக்கு மணி மாதிரி இருக்கு" என்பார் மஸ்தான்.

இப்படி எட்டு வருஷம் ஓடிய பிறகுதான் அந்த வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் கார்த்திகை மாதம். தீபக் கூட்டத்தோடு மழையும் சேர்ந்து வந்திருந்தது. மலைக்குப் போய் உட்காருகிற வெள்ளைக்காரர்களில் வயதான ஒருவர், கம்பியெல்லாம் வெளியே துருத்திய பெரிய கறுப்புக் குடையோடு கடைக்கு வந்தார். காற்று அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தது. மஸ்தான் நாலு கம்பி மாற்றி, துணியை இழுத்துத் தைத்து, தண்டை நிமிர்த்தி, புதுக்குடை மாதிரி ஆக்கிக் கொடுத்தார். கூலியைச் சொன்னதும் வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகும் போகவில்லை. மழை விட்டு வெயில் அடித்திருந்தது. பையிலிருந்து உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைப் பெட்டி ஒன்றை எடுத்தார்.

மூடியைத் திறந்தால் உள்ளே திசை காட்டும் முள் ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு வளையம் படுத்திருந்தது, வளையம் சுற்றிலும் மணி எண்கள், நடுவில் ஊசி மாதிரி ஒரு கம்பி. பக்கவாட்டில் பிறை மாதிரி வளைந்த ஒரு தகடு, அதில் பொடிப் பொடியாகக் கோடுகள். வளையத்தைத் தூக்கி, அந்தத் தகட்டில் எந்தக் கோட்டில் வேண்டுமோ அதில் நிறுத்தலாம். ஊசியின் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி.

வெள்ளைக்காரர் விளக்கமாகச் சொன்னார். எல்லாம் இங்கிலீஷ். மஸ்தான் "எஸ், எஸ்" என்று தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து ரசியா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து ஓரமாக நின்றாள். கணவனுக்குப் புரியாவிட்டாலும் தலை ஆடும் என்பது அவளுக்குத் தெரியும், ஆகையால் அவள் கணவனைப் பார்க்கவில்லை, வெள்ளைக்காரரின் விரலைப் பார்த்தாள்.

வெள்ளைக்காரர் வளையத்தை மெல்லத் தூக்கினார். பாதிகூட எழும்பவில்லை, "டக்" என்று ஒரு சத்தம். தகட்டில் யாரோ அரத்தால் ராவி வைத்த ஒரு பள்ளத்தில் வளையம் உட்கார்ந்தது. "லண்டன்" என்றார். நெஞ்சில் கை வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, தம் தாத்தாவை நடித்துக் காட்டினார். பிறகு அந்தப் பள்ளத்தைத் தாண்டி வளையத்தை இன்னும் தூக்கினார். "கெய்ரோ." இன்னும் கொஞ்சம். "பாம்பே." இன்னும் கொஞ்சம் தூக்கி, வளையம் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும்போது நிறுத்தி, சிரித்துக்கொண்டே, "திருவண்ணாமலை" என்றார். அந்தந்த ஊரில் சூரியன் ஏறுகிற உயரம் வேறு, ஆகையால் ஊருக்கு ஊர் வளையத்தை ஏற்றி இறக்கினால்தான் மணி சரியாக வரும் என்பதுதான் அவர் சொன்னது.

மஸ்தான், பாவம் வயதானவர், எந்தெந்த ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். "ரொம்ப தூரம்" என்று இரக்கப்பட்டார்.

வெள்ளைக்காரர் பெட்டியை மூடி மஸ்தான் கையில் வைத்து, விரல்களையும் மடித்து மூடிவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு, வெயிலில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அவர் போனதும் மஸ்தான் பெட்டியைத் திறந்து வளையத்தைத் தூக்கினார். "டக்." கையை எடுத்துவிட்டார். ரசியா, "இன்னும் மேல தூக்கினாருங்க அவரு" என்றாள்.

"தூக்குவாரு. அதனாலதான் அவரு குடை அந்தக் கதியாச்சு" என்றார் மஸ்தான். "இத்தினி வருஷமா குடை பண்றேன். டக்குனு மாட்டிச்சா, விரிஞ்சாச்சு. அதுக்கு மேல தள்ளுனா ஒடிஞ்சிடும். எல்லாத்துக்கும் ஒரு டக் இருக்குது ரசியா."

அந்த டக், லண்டனில் இருந்த வெள்ளைக்காரரின் தாத்தா தம் ஊருக்காக ராவி வைத்தது. அது மஸ்தானுக்கு எப்படித் தெரியும்?

முதல் இரண்டு நாள் ஒரு தொல்லை இருந்தது. பெட்டியைக் கடையில் வைத்தால் திசை காட்டும் முள், சுத்தி இருக்கிற பக்கம் திரும்பியது. சுத்தியை எடுத்தால் குடைக்கம்பிக் கட்டைப் பார்த்தது. கடைசியில் இரும்பெல்லாம் எட்டியிருக்கும்படி டீக்கடை ஓரத்துக் கருங்கல்லைப் பிடித்தார் மஸ்தான். முள் வடக்கே நின்றது. மூன்றாம் நாள் நகராட்சிச் சங்கு பன்னிரண்டுக்கு ஊதியது. முருகையன், பலகாரம் போட்டுக்கொண்டிருந்தவர் சட்டுவத்தோடு ஓடி வந்து பார்த்தார். ஊசி நிழல் பன்னிரண்டின் மேல் இம்மி பிசகாமல் கிடந்தது.

"யோவ் பாய், சாவி குடுக்கிறதில்ல, ஒண்ணுமில்ல. எப்பிடிய்யா?"

"சாவி மேல இருக்கிறவன் குடுக்கிறான்" என்றார் மஸ்தான், ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தது போல.

அந்தக் கார்த்திகை, மார்கழியில் காலையிலும் மாலையிலும்கூட அது ஏறக்குறையச் சரியாகத்தான் காட்டியது. குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தப்பான கோட்டில் நின்ற வளையத்துக்கும் தப்பு அவ்வளவாக வெளியே தெரியவில்லை. தெருவே வந்து பார்த்தது. பூக்காரம்மாக்கள் ராகு காலம் முடிந்ததா என்று கேட்டுப் போனார்கள். மஸ்தான் குடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்க் குனிந்து பார்த்து, "முடிஞ்சிடுச்சும்மா, தைரியமா போங்க" என்பார். அடி அண்ணாமலையிலிருந்து வண்டி கட்டி வந்த ஒருவர், மாடு கன்று போட்ட நேரத்தைக் கேட்டார். அது நேற்று ராத்திரி என்றதும், மஸ்தான், இதில் பழைய மணி பார்க்க முடியாது என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்.

இந்தப் புகழ் கீழ்பென்னாத்தூருக்குப் போய்ச் சேரத் தை மாதம் ஆனது. போய்ச் சேர்ந்த மறுநாளே ஜியாவுல்லா பஸ் ஏறிவிட்டார்.

வந்தவர் கடையில் உட்காரவில்லை. நேரே கருங்கல்லுக்குப் போனார். சுற்றி வந்து பார்த்தார். முகம் மலர்ந்து போயிற்று. மஸ்தானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ். மாப்பிள்ளைக்குக் கடிகாரம் வந்துடுச்சு. என் நெஞ்சுல இருந்த பாரம் இறங்கிச்சு."

மஸ்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. "மாமு, அது வேற, இது வேற."

"எப்பிடி வேற? மணி காட்டுதா இல்லியா?"

இல்லை என்று சொன்னால் தேரடித் தெருவில் தலை காட்ட முடியாது. ஆமாம் என்றால் வாட்ச் போயிற்று. மஸ்தான் ஒரு குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

"காட்டுது. ஆனா மழை நாள்ல ஓடாது மாமு."

"மழை நாள்ல உனக்கு வேலை ஜாஸ்தி. மணி பார்க்க ஏது நேரம்?"

"ராத்திரியில ஓடாதே."

"ராத்திரியில தூங்கு."

"கையில கட்ட முடியாது."

"கட்டுறதுக்கா கடிகாரம்? பார்க்கிறதுக்கு மாப்ளே." ஜியாவுல்லா டீயை உறிஞ்சினார். "ஒரு மனுஷனுக்கு எத்தினி கடிகாரம் வேணும்? எனக்கு ஒண்ணு. முருகையனுக்கு ஒண்ணு. உனக்கு மட்டும் ரெண்டா?"

முருகையன் எதிரே நின்று தலையைக் குனிந்துகொண்டு டம்ளர் கழுவினார். தோள் மட்டும் குலுங்கியது.

அன்றிலிருந்து மாமு வந்தால் மஸ்தான் மணி கேட்பதில்லை. கேட்டால், "உன்னுதுல பாரேன்" என்று வரும்.

மாசி, பங்குனி போய் வெயில் ஏறியது. சூரியன் உச்சிக்கு வரத் தொடங்கியதும் பித்தளைப் பெட்டியின் குணம் மாறியது. பன்னிரண்டு மணி மட்டும் சங்கோடு ஒத்துப்போனது. ஆனால் காலையில் மெதுவாகப் போயிற்று, மத்தியானத்துக்கு மேல் ஓட்டமாக ஓடிற்று. மஸ்தான் அதையே நம்பியதால் அவரும் அப்படியே ஆனார். ஊரெல்லாம் கடை திறந்து வியாபாரம் ஓய்ந்த பிறகு சாவகாசமாக வந்து கடை திறப்பார். மலைப் பக்கம் சூரியன் சாயத் தொடங்குவதற்குள், "நேரமாச்சு" என்று கடை கட்டிவிடுவார்.

"இன்னா பாய், கவர்மெண்டு உத்தியோகம் ஏதாவது கிடைச்சிடுச்சா?" என்று முருகையன் கேட்டார்.

"உன் சுவர்க் கடிகாரம் கெட்டுப்போச்சு முருகையா. வித்துடு."

முருகையன் டீயை ஆற்றினார். சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. ஒருவருடைய கடிகாரத்துக்குச் சூரியனே சாட்சி சொல்லும்போது, புகை படிந்த சுவர்க் கடிகாரத்துக்கு யார் சாட்சி?

சித்திரை கடைசியில் மஸ்தான் செங்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பெட்டியைப் பார்த்துவிட்டு, பஸ் தவறப் போகிறது என்று வேகவேகமாக ஸ்டாண்டுக்கு ஓடினார். அங்கே பஸ்ஸும் இல்லை, ஆளும் இல்லை. வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, ஒரு பொட்டலம் மணிலாக்கொட்டையைத் தின்றார். இன்னொரு பொட்டலம் தின்றார். மூன்றாவது பொட்டலத்தில்தான் பஸ் வந்தது. கண்டக்டரைக் கேட்டால் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்றான்.

பஸ்ஸில் போகும்போது மஸ்தானுக்கு முதலில் துக்கமாக இருந்தது. பெட்டி பொய் சொல்லியிருக்கிறது. எத்தனை பூக்காரம்மாக்களை அவர் ராகு காலத்திலேயே அனுப்பியிருப்பார். செங்கம் வருவதற்குள் துக்கம் போய் வேறொன்று வந்தது. பெட்டி பொய் என்றால் அது கடிகாரம் இல்லை. கடிகாரம் இல்லை என்றால் மாமு வாட்ச் கட்டியே ஆகவேண்டும்.

ஊர் திரும்பியதும் ரசியாவிடம் சொன்னார். அவள் ஆட்டுக்கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெருவே கூடி நின்னு பார்க்கப் போவுது. உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கையில வாட்ச் ஏறினா சிரிப்பு அடங்கிடும்."

"எங்க அத்தாவைப் பார்த்தும் சிரிப்பாங்க."

"அவரு வாங்கிக் குடுத்துட்டா ஏன் சிரிக்கிறாங்க?"

ரசியா குழவியைச் சுற்றினாள். அவளுக்குத் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அவளுடைய அம்மா ஜஹானாரா எப்போதோ அடுப்படியில் வாய் தவறிச் சொன்னது. சொன்ன கையோடு, யாரிடமும் சொல்லாதே என்று தலையில் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

மஸ்தான் மாமுவுக்கு ஆள் விட்டார். வைகாசி பிறந்ததும் வந்து, தெருவுக்கு நடுவில் வைத்துப் பார்த்துவிடலாம். பெட்டி சரியாகக் காட்டினால் வாட்ச் பேச்சே இனி இல்லை. தப்பாகக் காட்டினால் அடுத்த பஸ் ஏறுவதற்குள் வாட்ச் வாங்கித் தரவேண்டும். ஜியாவுல்லா யோசிக்கவே இல்லை. பெட்டியின் புகழ் அவர் ஊரில் இன்னும் கார்த்திகைப் புகழாகவே இருந்தது. "மாப்பிள்ளையே கேட்கிறாரு, நான் எப்பிடி மாட்டேங்கிறது?" என்று சொல்லி அனுப்பினார்.

மத்தியஸ்தத்துக்குச் சக்கரபாணியை வைத்தார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் போனாலும் பச்சைக் கொடி போகவில்லை என்கிற மாதிரி, சங்கிலி போட்ட பாக்கெட் வாட்சை விடாமல் வைத்திருந்தார். அது ஒரு நிமிஷம் தப்பினால் தனக்குச் சோறு இறங்காது என்பார்.

கத்திரி வெயில். மத்தியானத்துக்கு மேல் மூன்றரை இருக்கும். அந்த வெயிலிலும் கருங்கல்லைச் சுற்றிக் கூட்டம். ஜியாவுல்லா துவைத்த ஜிப்பாவில், இரண்டு கையையும் முழுக்க மூடிக்கொண்டு நின்றார். மஸ்தான் வழக்கம்போல இடது கையை மடித்து விட்டிருந்தார், ஆனால் அன்றைக்கு அந்தக் கையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

பெட்டியைக் கல்லில் வைத்தார். முள் வடக்கே நிற்கும்வரை திருப்பினார். வளையத்தைத் தூக்கினார். "டக்." நிழல் ஐந்தை நோக்கிப் போய்க் கிடந்தது. மஸ்தான் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சிரிப்பு வெளியே வராதபடி மீசையைத் தடவினார்.

"சக்கரபாணி சார், பார்க்கலாமா?"

அப்போது ரசியா நன்னாரி சர்பத்தோடு வந்தாள். தலையில் முக்காடு. அத்தாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள், சக்கரபாணிக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு கல்லண்டை குனிந்தாள்.

"காலையில புளி போட்டு விளக்குனேன். ஓரத்துல ஒட்டியிருக்குது" என்று முந்தானை நுனியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, ஒரே விரலால் வளையத்தை நெம்பினாள். அது பள்ளத்தை விட்டு மேலே ஏறியது. கெய்ரோவைத் தாண்டியது, பாம்பேயைத் தாண்டியது.

"ஏ, ஒடிஞ்சிடப் போவுது" என்று மஸ்தான் பதறினார்.

"ஒடியாதுங்க" என்றாள் ரசியா. வெள்ளைக்காரரின் விரல் நின்ற இடத்தில் அவள் விரலும் நின்றது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனாள்.

சக்கரபாணி குனிந்து நிழலைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். மறுபடி நிழலைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் பின்னால" என்றார். "ரயில்வேயில அதை லேட்டுனே சொல்ல மாட்டோம். கடிகாரம் சரி."

முருகையன் துண்டை எடுத்துச் சுழற்றினார். "பாய் ஜெயிச்சுட்டாருய்யா" என்று யாரோ சொன்னார்கள். மஸ்தான் மட்டும் கல்லைப் பார்த்தபடியே நின்றார். ஊரே அவரைத் தட்டிக்கொடுக்கிறது, அவருடைய வாட்ச் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இப்படி ஒரு ஜெயிப்பு எந்த மனுஷனுக்கும் வரக்கூடாது.

ஜியாவுல்லா சர்பத்தை ஒரே மடக்கில் குடித்தார். "கேட்டுக்குங்க, எல்லாரும் சாட்சி. வாட்ச் பேச்சு இதோட முடிஞ்சுது."

"முடியலை" என்றார் சக்கரபாணி. ரயில்வே புத்தி அவரை விடவில்லை. "ரெண்டு கடிகாரம் ஒத்தா போதாது. மூணாவதோட வெச்சுப் பார்த்துத்தான் எழுதுவோம். உங்க கையில ஒண்ணு இருக்குதே, காட்டுங்க."

"அது எதுக்கு சார், இதுவே போதும்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல." மாமு கையை இழுத்துக்கொள்வதற்குள் சக்கரபாணி ஜிப்பாக் கையை மேலே தள்ளிவிட்டார்.

மாமுவின் வாட்ச் எட்டே காலைக் காட்டியது. சக்கரபாணி அதைக் காதில் வைத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

"இது எப்ப நின்னுச்சு?"

"இப்பத்தான்... வெயிலு" என்றார் ஜியாவுல்லா.

"கண்ணாடிக்கு உள்ள துரு ஏறியிருக்குதே."

முருகையன் சுழற்றின துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "பெரிய பாய், அப்போ இத்தினி வருஷமா மருமவன் கேட்கக் கேட்க மணி சொன்னீங்களே, அது எங்கருந்து?"

மஸ்தானுக்கு அப்போது கண் முன்னால் வந்தது. மாமு அண்ணாந்து வானத்தைப் பார்ப்பது. வாய்க்குள் கணக்குப் போடுவது. பிறகு ஒப்புக்குக் கையைத் தூக்குவது. அத்தனை வருஷமும் அவர் சொன்ன மணி முருகையனின் சுவர்க் கடிகாரத்தோடு ஒரு நாளும் பெரிதாக மோதியதில்லை. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே தேரடித் தெருவில் ஒரு வெயில் கடிகாரம் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. ஜிப்பா போட்டுக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஒருவர் ஆரம்பித்தார், அப்படியே பரவியது. ஜியாவுல்லா ஜிப்பாக் கையை இழுத்து வாட்சை மூடினார். "ரிப்பேருக்குக் குடுத்தா ஒரு மாசம் வெறுங்கையா திரியணும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "மருமகனுக்குக் கட்டி விடாதவன் கையில இதுவும் இல்லைன்னா, ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

ரசியா வீட்டுக்குப் போகாமல் கடைக்குள் நின்றிருந்தாள். அம்மா அடுப்படியில் வாய் தவறிச் சொன்னது இப்போது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு கணவனையே பார்த்தாள்.

மஸ்தான் மடித்து விட்ட கையோடு நடந்து மாமு எதிரில் போய் நின்றார்.

"மாமு, நிக்காஹுல நீங்க என்ன சொன்னீங்க?"

"அதான் ஜெயிச்சாச்சே மாப்ளே, இன்னும் ஏன் கேட்கிற?"

"என் கையால கட்டி விடுறேன்னு சொன்னீங்க. ஓடுற வாட்ச்னு சொன்னீங்களா?"

ஜியாவுல்லா நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லலியே."

"நானும் ஓடுற வாட்ச்னு கேட்கலை. மாமு கட்டி விடுற வாட்ச்னுதான் சொன்னேன். தெருவைக் கேளுங்க." மஸ்தான் கையை நீட்டினார். "ஓடுறதுக்குக் கல்லு மேல ஒண்ணு இருக்குது. கையில இருக்கிறதுக்கு அதைக் கட்டி விடுங்க."

சிரித்தவர்கள் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஜியாவுல்லா வாட்சைக் கழற்றினார். வார் இறுகிப் போயிருந்ததால் முருகையன் பிடித்து உதவினார். மருமகனின் மணிக்கட்டில் கட்டும்போது, ஏதோ ஓதிக்கொண்டே கட்டினார். மஸ்தான் அன்றைக்குத்தான் இடது கைச் சட்டையை இறக்கிவிட்டார். வாட்ச் மறைந்துபோகும் என்று நினைவு வந்ததும் இரண்டு மடிப்பு ஏற்றிக்கொண்டார்.

"இதை நான் எப்பிடி எழுதறது?" என்றார் சக்கரபாணி.

"எழுதாதீங்க சார், சர்பத் குடிங்க" என்றார் முருகையன்.

அதற்குப் பிறகு மஸ்தான் அந்த எட்டே காலைக் கடைசிவரை கழற்றவில்லை. ரிப்பேருக்கும் கொடுக்கவில்லை. எண்பதுகளில் பேட்டரி வாட்ச் வந்து சின்னப் பிள்ளைகள்கூடக் கட்டிக்கொண்டு திரிந்தபோதும் அதே வாட்ச், அதே எட்டே கால். பெட்டியை அவர் திறந்தால் "டக்" வரைதான் தூக்குவார். காலம் முழுக்க அவர் அதைத் தாண்டவில்லை. ரசியா அந்தப் பக்கம் போகும்போதோ வரும்போதோ ஒரு விரலால் நெம்பிவிட்டுப் போவாள். "இன்னும் மேல போவும்ங்க" என்று எத்தனையோ முறை சொல்லியும் பார்த்தாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கை பட்டால் மணி சரியாக வருகிறது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். "அவ கைராசி அப்பிடி" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

அந்த வைகாசி அன்றைக்கு, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு மாமுவும் மருமகனும் டீக்கடை ஓரத்தில், கருங்கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஜியாவுல்லா, பழக்க தோஷத்தில், வெறும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அண்ணாந்து பார்க்கப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, மணி என்ன?"

மஸ்தான் அவசரப்படவில்லை. கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் கருங்கல் பக்கம் ஓட்டி நிழலைப் பார்த்துக்கொண்டார். பிறகு இடது கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, எட்டே காலை நன்றாக உற்றுப் பார்த்தார்.

"அஞ்சாவப் போவுது மாமு. கிளம்புங்க, பஸ் வந்துடும்."